கலக்காதீங்க வாத்தியாரின் கற்கண்டு

உலகத்திலேயே அவசரம் என்றால் என்னவென்று அறியாத ஒரே மனிதர் எங்கள் வளவில்தான் குடியிருந்தார். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்து இதைச் சொல்லுவேன். கூரை பற்றிக்கொண்டாலும் தீ எந்தப் பக்கம் போகிறதென்று நின்று பார்த்துவிட்டு, "தானா அடங்கிருமுங்க" என்று சொல்லக்கூடியவர். காலேஜில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தார். நிஜப் பெயர் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் கலக்காதீங்க வாத்தியார்.

வளவு என்றால் நடுவில் ஒரு வாசல், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிறுவாணிக் குழாய். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் வளவே தும்மும். பைகாரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்த புதிது. நான் அவிநாசி ரோட்டில் ஒரு மில்லில் குமாஸ்தா, சங்கு ஊதினால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற பிழைப்பு. எனக்கு அடுத்த வீட்டில் இப்படி ஒரு மனிதர் என்றால் என் ரத்தம் எப்படிக் கொதித்திருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை அவரோடு காப்பி கிளப்புக்குப் போனது என் புத்திக் கோளாறு. பரிமாறுகிறவன் டம்ளரைத் தூக்கி ஆற்றப் போனான். வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"கலக்காதீங்க!"

கிளப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சக்கரை அடியிலயே கெடக்கட்டுமுங்க. தானா கரைஞ்சு மேல வரும். எல்லா எடமும் ஒரே தித்திப்பா ஆகற வரைக்கும் அது நிக்காதுங்க."

"அது எப்பங்க ஆகும்?" என்றேன் நான்.

"ஆகுமுங்க."

நான் என் காப்பியைக் குடித்தேன். பேப்பர் படித்தேன். பேப்பரில் இருந்த தாது புஷ்டி லேகிய விளம்பரம்வரை படித்தேன். அவர் டம்ளரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் கிளப்பு முதலாளியே வந்துவிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, ஒரு காப்பிக்கு எம்பட மேசையவே பட்டா எழுதி வாங்கிப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

"கலக்கறது தானா நடக்கும். பிரியறதுதான் தானா நடக்காதுங்க. தானா நடக்கறதுக்கு நாம எதுக்கு மெனக்கெடோணும்?"

"நீங்க மெனக்கெட வேண்டாமுங்க. எந்திரிச்சாப் போதும்!"

பாவம், குடித்தார். பச்சைத் தண்ணீராக ஆறிப்போன காப்பி. முகத்தைக் கொஞ்சமும் சுளிக்கவில்லை. "கடைசி முழுங்குதான் தித்திக்குது. இன்னுங் கொஞ்சம் பொறுத்திருக்கலாமுங்க" என்று என்னைக் குறை சொன்னார்.

மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் பக்கமிருந்து அடிக்கிற காற்றைக் கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் குளிரில் இவர் வெந்நீர் போட்டு, அதைப் பச்சைத் தண்ணீர் இருக்கும் அண்டாவில் ஊற்றிவிட்டு, கையை விட்டு அளாவாமல் துண்டோடு காத்து நிற்பார். சூடும் குளிரும் தாமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். அவை பேசித் தீர்ப்பதற்குள் ஊர்க் குளிரும் பேச்சுவார்த்தையில் சேர்ந்துகொள்ளும். "சமநிலை வந்துருச்சுங்க!" என்று பல் கிடுகிடுக்கச் சந்தோஷமாக ஊற்றிக்கொள்வார்.

குழாயடிச் சண்டைக்கும் அவரிடம் இதே வைத்தியம்தான். ஒருநாள் இரண்டு பெண்கள் குடத்தை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். நான் விலக்கப் போனேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல திட்டிக்கிட்டா அதுக்குப் பேரு சமநிலைங்க. உள்ள எல்லாம் நடந்துக்கிட்டே இருக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் நடக்காத மாதிரி தெரியும்."

"ஒண்ணும் நடக்காத மாதிரியா? சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேக்குது வாத்தியாரே!"

"அப்ப இன்னும் வரலைங்க" என்றார்.

இப்படிப்பட்டவருடைய ஜன்னலில் வரிசையாகக் கண்ணாடிக் குவளைகள் இருக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, இனிமேல் ஒரு மணியும் ஏற்காது என்கிறவரை சர்க்கரையைக் கரைத்து, அதில் ஒரு நூலைத் தொங்கவிட்டிருப்பார். பொறுத்துப் பார்த்தால் நூலைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு வளரும். ஆசையாகக் காட்டுவார். "கரையறதும் நடக்குது, படியறதும் நடக்குது. படியறது ஒரு நூலிழை அதிகம், அவ்வளவுதானுங்க." ரசாயனம் வளர்ந்ததோ இல்லையோ, எங்கள் வளவில் எறும்பு நன்றாக வளர்ந்தது.

அந்தக் கற்கண்டு எங்கே போகிறது என்று கண்டுபிடித்தவள் என் மனைவி தங்கம்.

வாத்தியார் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் காமாட்சி டீச்சரும் அவருடைய அப்பாவும் இருந்தார்கள். அப்பா பஞ்சுக் கிடங்கில் எடை போட்டு ஓய்ந்தவர், அதிகம் பேசமாட்டார். டீச்சருக்குப் பாவாடை கட்டுகிற வயதிலேயே கல்யாணம் செய்து, தாவணி போடுகிற வயதில் தாலியைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். அப்பா பிடிவாதமாகப் படிக்கவைத்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. எப்போதும் வெள்ளைச் சேலை, நல்ல சிரிப்பு. வளவில் ஒரு விசேஷம் என்றால் மட்டும் பின்பக்கமாக வந்து சமையல் வேலையில் புகுந்துகொள்வார். வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டோடு வரவேற்க நிற்பார்களே, அந்தத் தட்டு அவருக்கு நீட்டப்படாது. நீட்டாமல் விடுகிறவர்களுக்குச் சங்கடம் வேண்டாமென்று அவரே விலகிப் போய்விடுவார்.

வாத்தியாருக்குச் சமைக்கத் தெரியாது. டீச்சர் வீட்டில் அரிசிம்பருப்புச் சாதமோ சந்தகையோ செய்தால் ஒரு தூக்குப்போசியில் வாத்தியார் வீட்டுக்குப் போகும். போசியை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. வாத்தியாரிடம் வேறென்ன இருக்கிறது? கற்கண்டைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

"போசிங்க" என்பார் இவர்.

"வெய்யுங்க" என்பார் அவர்.

வருஷக்கணக்காக இவர்கள் பேசிக்கொண்டது மொத்தமே இவ்வளவுதான்.

"ஏனுங்க, அந்தப் போசி நடக்கற நடையப் பாத்தீங்களா?" என்றாள் தங்கம் ஒருநாள். "மனுசங்க ரெண்டு பேரும் நின்ன எடத்துலயே நிக்கறாங்க. போசி மட்டும் தேஞ்சு போச்சு."

அந்தச் சமயத்தில்தான் டீச்சருக்குச் சத்தியமங்கலம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போவதாகப் பேச்சு. குழாயடியில் தங்கம் கேட்டிருக்கிறாள், "போய்த்தான் ஆகோணுமா கண்ணு?" என்று. டீச்சர் குடத்தைப் பார்த்துக்கொண்டே, "இருன்னு சொல்றதுக்கு யாரு இருக்காங்கக்கா?" என்றாராம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனேன்.

"வாத்தியாரே, டீச்சரம்மா போறாங்க. தெரியுமா தெரியாதா?"

"தெரியுமுங்க."

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அவங்க மனசு தெளிஞ்ச தண்ணியாட்ட இருக்குதுங்க. நான் போயிக் கலக்கக்கூடாது." போசியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஏற்கெனவே துடைத்த போசி.

பிறகு என்ன தோன்றியதோ, அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். போட்டோ கழுவுகிற ஹைப்போ உப்பாம். சூட்டில் உருக்கி, அசைக்காமல் ஆற வைத்தது.

"பாருங்க, தண்ணியாட்டவே நிக்குது. கட்டியாயிருக்கோணும், ஆகல. எத்தனை நாளு வேணும்னாலும் இப்படியே நிக்கும். சமநிலைன்னு நெனைப்பீங்க. இல்லீங்க, பாசாங்கு."

ஒரே ஒரு உப்பு மணியைக் கிள்ளி உள்ளே போட்டார். மணி விழுந்த இடத்திலிருந்து ஊசி ஊசியாகக் கிளம்பி, நான் வாயை மூடுவதற்குள் குழாய் முழுக்கக் கல்லாகிவிட்டது.

"தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சுட்டது.

"இத்தனை சூடு எங்கங்க இருந்துச்சு?"

"உள்ளதானுங்க. வெளிய காட்டிக்கல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

தங்கத்திடம் இதையெல்லாம் சொன்னேன். ஹைப்போவெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. "அப்ப அந்தாளுக்குள்ள போட ஒரு கல்லு வேணுமாக்கும்" என்றாள். "நம்ம புள்ளைக்குக் காது குத்து வருதில்லீங்க. பாத்துக்கலாம்."

காது குத்தன்று வளவுக்குப் பந்தல் போட்டு, மேளம் வைத்தோம். வரவேற்புத் தட்டுக்குக் கற்கண்டு கடையில் வாங்கவேண்டாம் என்று தங்கம் சொல்லிவிட்டாள். வாத்தியார் தம் ஜன்னலையே காலி செய்து கொண்டுவந்தார். தட்டை அவர் கையிலேயே கொடுத்து வாசலில் நிறுத்தினாள்.

"வர்றவங்க எல்லாத்துக்கும் நீட்டோணுமுங்க. எல்லாத்துக்கும்."

"சரீங்க."

அம்மணி, இதென்ன வேலை என்று கேட்டேன். "அவருக்குத்தான் சாங்கியம் ஒண்ணும் தெரியாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் வழக்கம்போலப் பின்பக்கம் வந்தார். தங்கம் கையைப் பிடித்துத் திருப்பி, "எம் புள்ளைக்கு விசேஷம். முன்வாசல்ல வந்தா உள்ள வா கண்ணு, இல்லைன்னா வராத" என்று சொல்லிவிட்டாள். டீச்சர் தயங்கித் தயங்கி, அப்பாவோடு முன்வாசலுக்கு வந்தார்.

வாத்தியார் தட்டை நீட்டினார்.

சூலூரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா பந்தலே அதிர ஒரு சத்தம் போட்டாள். "ஏனுங்க வாத்தியாரே! அந்தப் புள்ளைக்கு நீட்டக்கூடாதுங்க! உங்களுக்கு எங்க தெரியப் போகுது, பாவம்!"

மேளக்காரர் அடிக்கிறதை நிறுத்திவிட்டார். டீச்சர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். தங்கத்தைப் பார்த்தேன், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தட்டு மட்டும் நீட்டினது நீட்டினபடி நின்றது.

"தெரியுமுங்க" என்றார் வாத்தியார்.

தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

"தெரிஞ்சுதானுங்க நீட்டறேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் அந்த மனிதரை நிறுத்த முடியவில்லை.

"டீச்சர், சத்தியமங்கலம் போகாதீங்க. அரிசிம்பருப்புக்காகச் சொல்லலீங்க. அதுக்காகவுந்தான் சொல்றேன். இந்தக் கற்கண்டெல்லாம் பின்ன யாருக்குங்க வளத்தேன்? கல்லு வளந்துச்சு, பேச்சுத்தான் வரல. தானா வரும், தானா வரும்னே இருந்துபோட்டேன். எல்லாமே தானா வர்றதில்லீங்க. எனக்குப் பெத்தவங்க இல்லை, பொண்ணு கேக்கப் பெரியவங்க இல்லை. அதனால நானே கேக்கறேன். உங்கப்பா இருக்காரு, நீங்க இருக்கீங்க, தட்டு இருக்குது. எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கங்க. இல்லைன்னாச் சொல்லிருங்க, கை வலிக்குது, கீழ வெச்சர்றேன்."

முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. அந்த ஹைப்போக் குழாயைத் தொட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

டீச்சருடைய அப்பா மெதுவாக முன்னால் வந்தார். எங்கே கையை ஓங்கிவிடுவாரோ என்று நான் நடுவே போகப் பார்த்தேன். அவர் வாத்தியாரின் விரல்களைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். "உடுங்க தம்பி, நான் புடிச்சுக்கறேன்" என்றார். தட்டைத் தம் கையில் வாங்கி, மகள் பக்கம் திரும்பினார்.

"எடுத்துக்க கண்ணு."

டீச்சர் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். அந்தச் சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது.

"இதைச் சொல்றதுக்கு இத்தனை நாளாச்சுங்களா?" என்றார். "எங்க ஊட்டு எறும்பெல்லாம் கொழுத்துத் திரியுது!"

முதலில் சிரித்தவர் மேளக்காரர்தான். பிறகு வளவே சிரித்தது. சூலூர்ப் பெரியம்மா மட்டும் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். இன்னும் சிலரும் பந்தியில் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்திலும் முணுமுணுத்தார்கள். டீச்சர் சத்தியமங்கலத்துக்கும் போகாமல், பழைய பள்ளிக்கூடத்திலும் இருக்காமல், உள்ளூரிலேயே வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொண்டார். பெரியம்மாவுக்குக் கோபம் இறங்க வெகுகாலம் பிடித்தது. கடைசியில் ஒருநாள் வந்து டீச்சர் கையால் சந்தகை சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

கல்யாணப் பத்திரிகையில்தான் வாத்தியாரின் நிஜப் பெயரைப் பார்த்தோம். யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து வளவில் பாதிப் பேர் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெயர் யார் வாயிலும் தங்கவில்லை. எனக்கும் இப்போது மறந்துபோய்விட்டது.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். டீச்சர் காப்பி கொண்டுவந்து வைத்தார். சர்க்கரையைப் போட்டார். போட்ட கையோடு கரண்டியை விட்டு, டம்ளர் கலகலவென்று சத்தம் போட, ஒரு கலக்குக் கலக்கினார். நான் பதறிப்போனேன்.

"வாத்தியாரே! கலக்கறாங்க!"

அவர் அந்தக் கரண்டி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க கலக்கலாமுங்க" என்றார்.

மில்லில் சங்கு ஊதியது. என் ஆயுசிலேயே முதல் தடவையாக நான் எழுந்து ஓடவில்லை. அந்த மனிதர் தம் காப்பியைச் சூடாகக் குடித்து முடிக்கிறவரை, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.