நாலு மணிக்கு வர வேண்டிய யானை

காட்டு யானை எத்தனை மணிக்கு எந்த இடத்துக்கு வரும் என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு காட்டுக்குப் போனவன் நான். எங்கள் வீட்டார் வாயால் நீங்கள் இதைக் கேள்விப்படுவதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர்கள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். நல்லேப்பிள்ளியில் அப்பாவின் நெல்வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் (அதாவது, வரப்பில் நின்று மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்). கையில் விலங்கியல் பட்டம் இருந்தது. கல்லூரியில் மூன்று வருஷத்தில் நான் நேருக்கு நேர் சந்தித்த விலங்குகள் தவளை, கரப்பான், மண்புழு. மூன்றும் மேஜைக்கு வருவதற்கு முன்பே செத்துப்போயிருந்தன. ஆனாலும் வனவிலங்கு என்றால் அந்தப் பஞ்சாயத்திலேயே என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு நினைப்பு.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் எங்கள் பக்கத்தில் பழனிக்குப் போவார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் ஊட்டி. எனக்கு இரண்டும் மட்டமாகப் பட்டது. யாரும் போகாத வழியில் மலை ஏறி இறங்கி, நடுக்காட்டில் மிருகங்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று முடிவு செய்தேன். யாரும் போகாத வழியில் யாரும் போகாததற்கு ஒரு காரணம் இருக்கும் என்பது அந்த வயதில் தோன்றவில்லை.

என் மனைவி சரோஜாவுக்கு மீனாட்சிபுரம். அவள் அய்யன், அதாவது என் மாமனார், அங்கே பன்னிரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். சொந்தத்தில் காடு தோட்டம் உள்ள இரண்டு மாப்பிள்ளைகள் கேட்டு வந்தும், படித்த பையன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தவர். எங்கள் பயணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் மாமியார் ஒரே பிடியாக நின்றாராம்: மகளைக் காட்டுக்குள் தனியாக அனுப்ப முடியாது. தனியாக இல்லை, நான் கூடப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதைத்தான் தனியாக என்று சொல்கிறார் என்று சரோஜா விளக்கினாள். ஆகவே மாமனாரும் வருவதாக ஆயிற்று.

திட்டத்தின் ஆணிவேர் சேவியர் எழுதிய ஒரு கடிதம். சேவியர் என் கல்லூரித் தோழன். அவன் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். அண்ணன் மின்சார வேலையில் இருந்ததால் மூணாறு பக்கத்துச் சித்திரபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். மறையூருக்குக் கீழே பாம்பாற்று வளைவில் சாயங்காலம் நாலு மணி வாக்கில் யானைக் கூட்டம் தண்ணி குடிக்க இறங்கும், எங்க பெரியப்பா கண்ணால் பார்த்திருக்கிறார் என்று எழுதியிருந்தான். அந்தப் பெரியப்பா எந்த வருஷம் பார்த்தார், எத்தனை தடவை பார்த்தார் என்றெல்லாம் நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். நாற்பது பக்க நோட்டு நிறைந்தது. காலை பத்தரைக்குக் காட்டெருமை. பதினொன்றே காலுக்குக் கட்டுச்சோறு. பன்னிரண்டு மணிக்கு மான் (கூட்டமாக). நாலு மணிக்கு யானை. ஒரு வரைபடமும் போட்டேன். வெயிலுக்கு எங்கெங்கே ஒதுங்கலாம் என்று மரம் ஒன்று, மரம் இரண்டு என எட்டு இடத்தில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவைத்தேன். அந்த மரங்களை நான் பார்த்ததில்லை. காடு என்றால் மரம் இருக்கத்தானே செய்யும்.

சாமான்களையும் அதே புத்தியோடுதான் சேர்த்தேன். மலை என்றால் அட்டைப்பூச்சி, அதற்கு மூன்று கிலோ உப்பு. மழைக்கு மூன்று குடை. விறகு அறுக்க ஒரு ரம்பம், ஏற இறங்க முப்பது முழக் கயிறு, விரித்துப் படுக்க நாலு சாக்கு. அனுமதிக் கடிதம்கூட இருந்தது. முதலில் பறம்பிக்குளம் போவதாக இருந்தபோது வாங்கியது. அப்புறம் அங்கே எல்லாரும் போகிறார்கள் என்று இடத்தை மாற்றினேன், கடிதத்தை மாற்றவில்லை. காட்டுக்குக் காடு வித்தியாசம் பார்ப்பார்களா என்ன?

சித்திரபுரத்தில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நால்வரும் மறையூரில் இறங்கினோம். இறங்கி அண்ணாந்து பார்த்தேன். மூணாறு வரை பச்சையும் பனியுமாக வந்த மலை, இந்தப் பக்கம் திரும்பியதும் எங்கள் ஊர் மேட்டுக்காடு மாதிரி காய்ந்து கிடந்தது. மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அட்டை இல்லை, மழை இல்லை. முள் இருந்தது, வெயில் இருந்தது. மூன்று கிலோ உப்பு என் முதுகில் இருந்தது. தண்ணீர் ஒரே ஒரு கூஜா.

“இங்கிட்டு ஏறி அங்கிட்டு இறங்கினா ஆறுதாம்ல” என்று சேவியர் முன்னால் நடந்தான். ஏறினோம். அங்கிட்டு ஆறு இல்லை, இன்னொரு மேடு இருந்தது. அதையும் ஏறினோம். வெள்ளை வேட்டியும் தோல் செருப்புமாக வந்த மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டியைக் கருவேல முள் மூன்று இடத்தில் கிழித்தபோதும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பத்தரை ஆயிற்று, காட்டெருமை இல்லை. பன்னிரண்டும் ஆயிற்று. மான் கூட்டமாகவும் இல்லை, தனியாகவும் இல்லை. மரம் ஒன்று முதல் மரம் எட்டு வரை எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. கூஜா காலியானது. தயிர்ச்சோறு வெயிலில் புளித்துப்போயிருந்தது. என்னுடைய எட்டு மரங்களிலும் சேராத ஒரு மொட்டை மரத்தடியில் சரோஜா உட்கார்ந்து பாதத்தில் ஏறிய முள்ளைப் பிடுங்கினாள். 

வழி விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்று சேவியர் போனான். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை அதற்குள் நிறுத்தியிருந்தேன்.

சேவியர் திரும்பி வந்தான். கூடவே காக்கி உடுப்பில் நாலு பேர் வந்தார்கள்.

அப்புறம் தெரிந்துகொண்டது: ஓடைக்கரையில் வனக்காவலர்கள் ஷெட் ஒன்றைப் பார்த்து அங்கே போய் வழி கேட்டிருக்கிறான். எத்தனை பேர் என்று கேட்டார்களாம். நாலு பேர் என்றிருக்கிறான். என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். ரம்பம், கயிறு, சாக்கு என்று ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறான். நாங்கள் நின்றுகொண்டிருந்தது மறையூர்ச் சந்தனக் காட்டின் ஓரம்.

எங்களைக் கூட்டிப்போன ஷெட்டில் இருந்த அதிகாரி நடுத்தர வயது மலையாளி. நன்றாகவே தமிழ் பேசினார். என் மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கச் சொன்னார். வைக்க வைக்க எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. சந்தனம் திருட வந்தவன்கூட இவ்வளவு ஒழுங்காகத் தயார் செய்துகொண்டு வந்திருக்க மாட்டான். உப்புப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து, மான் இறைச்சியை உப்புப் போட்டு வெயிலில் உணக்கவா என்று கேட்டார். அட்டைக்கு என்றேன். இந்தக் காட்டில் அட்டை கிடையாது என்று அங்கிருந்த நாலு பேரும் சேர்ந்து சொன்னார்கள். பறம்பிக்குளத்துக் கடிதத்தை நீட்டினேன். அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து என் கையிலேயே கொடுத்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பிறகு நோட்டை எடுத்தார். வரைபடத்தில் சிவப்புப் பெருக்கல் குறிகளை விரலால் எண்ணினார். மரம் ஒன்று, மரம் இரண்டு என்று வாய்விட்டுப் படித்தார். கடைசியாக ஆற்று வளைவுக்கு வந்து நின்றார்.

“நாலு மணிக்கு ஆனை வரும்னு எழுதியிருக்கு. ஏது ஆனை? லாரியா?”

நிஜ யானைதான் சார் என்றேன். நிஜ யானை மணி பார்த்து வருமா என்று கேட்டார். அந்தக் கேள்வியை இரண்டு மாதத்தில் யாராவது ஒருத்தர் என்னிடம் கேட்டிருந்தால் நான் அங்கே நின்றிருக்க மாட்டேன்.

அவர் எங்கள் எல்லாரையும் ஜீப்பில் ஏற்றி அந்த ஆற்று வளைவுக்கே கொண்டுபோனார். லாரி வந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. புதருக்குப் பின்னால் வரிசையாக உட்கார வைத்தார்கள். யாரும் அசையக் கூடாது, இருமக் கூடாது. யோசித்துப் பார்த்தால், நான் திட்டமிட்ட வனவிலங்கு தரிசனம் அச்சாக அப்படித்தான் நடந்தது. பக்கத்தில் தடியோடு காவலர்கள் இருந்ததுதான் கூடுதல்.

நாலு மணி ஆயிற்று. வாழ்க்கையில் நான் எதற்கும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. ஒரு யானை போதும். குட்டியாக இருந்தாலும் போதும். நாலரை ஆயிற்று. எதிர்க்கரையில் ஏதோ சலசலத்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். ஒரு கீரி வந்து, எங்களைப் பார்த்து, போய்விட்டது.

“கீரிங்க” என்றேன், விலங்கியல் பட்டதாரி என்ற முறையில்.

மாமனார் அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தார். “கீரி நம்ம மாட்டுத் தொண்டுப்பட்டியிலயே இருக்குதுங்க மாப்ள.”

அந்த ‘ங்க’ இருக்கிறதே, அது என்னைத் தடியால் அடித்த மாதிரி இருந்தது.

அஞ்சு மணிக்குச் சரோஜா என் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினாள். “ஏனுங்க, இங்கிருந்து உட்டாங்கன்னா எங்கய்யன் என்னைய நேரா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாருங்க. மொகத்தப் பாத்தாலே தெரியுது.”

நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் பாதத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நோட்டு, ரம்பம், யானை, பட்டம் எல்லாம் மனதிலிருந்து போய்விட்டது. மூன்று மாதத்தில் அவள் எனக்காகப் போட்ட ஒவ்வொரு காபியும் ஞாபகம் வந்தது. எதற்கும் நன்றாயிருக்கிறது என்று நான் சொன்னதில்லை. அந்த ஆற்றில் இறங்கி அப்படியே நடந்து போய்விடலாமா என்றிருந்தது. (முழங்கால் அளவுதான் தண்ணீர். அதற்கும் லாயக்கில்லை.)

ஐந்தரைக்கு அதிகாரி எழுந்து நின்றார். லாரியும் வரவில்லை, யானையும் வரவில்லை. ஆட்கள் உஷாராகிவிட்டார்கள் போல, எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விசாரிக்கலாம் என்று காவலர்களிடம் மலையாளத்தில் சொன்னார். எங்கள் ஊரும் மலையாளச் சீமைதான், எங்களுக்கு மலையாளம் புரியும் என்பதை அவர் மறந்திருந்தார்.

சரோஜா எழுந்தாள். நொண்டிக்கொண்டே போய் அவர் எதிரில் நின்றாள்.

“சார், நீங்க அந்த நோட்ட முழுசாப் படிங்க. பத்தரைக்குக் காட்டெருமைன்னு இருக்குது, வரல. மானு வரல. மரம் எட்டு எழுதியிருக்குது, ஒண்ணுகூட இல்ல. இப்ப யானையும் வரல. இவுரு திருடறதுக்குத் திட்டம் போட்டிருந்தா அதும் இப்படித்தான் இருந்திருக்குமுங்க. இவுரால தப்புப் பண்ண முடியாதுங்க சார். வராது இவுருக்கு.”

அதிகாரி நோட்டை மறுபடி பிரித்தார். நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். ‘கரடி (இருந்தால்) இரண்டே முக்கால்’ என்ற இடத்தில் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ரம்பத்தையும் நோட்டையும் வைத்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார். உப்பைத் திருப்பிக் கொடுத்தார். ஜீப்பிலேயே சின்னாறு செக்போஸ்ட் வரை கொண்டுவந்து உடுமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சேவியர் எதிர்ப்பக்க பஸ்ஸுக்கு நின்றான். மன்னிச்சுக்கோ மக்கா என்றான். என்ன சொல்வது, அவன் வழி கேட்கத்தானே போனான்.

மாமனார் உடுமலை வரை கிழிந்த வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டே வந்தார். அங்கே இறங்கி ஒரு சோடா குடித்தார். பிறகு மகளைப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்டார். நல்லேப்பிள்ளிக்குங்க என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். மறுநாள் காலை காபி நன்றாயிருக்கிறது என்று சொன்னேன். அன்றைக்குப் பார்த்து அவள் சர்க்கரை போட மறந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியத்துக்கும் திட்டம் போட என்னை விட்டதில்லை. பஸ் நேரம்கூடப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதில்லை. வருஷங்கள் போய், என் மகளுக்கு வரன் பார்த்தபோது பையன் வீட்டார் மீனாட்சிபுரத்துக்குப் போய் மாமனாரிடம் விசாரித்திருக்கிறார்கள். பெண்ணுடைய அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டார்களாம். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே சொன்னாராம்.

“கண்ண மூடீட்டு நம்பலாமுங்க. அவுருனால தப்புப் பண்ணவே முடியாது. கெவருமெண்ட்டே விசாரிச்சு முடிவு பண்ணி உட்டது.”

சம்பந்தி அதைக் கேட்டு நெகிழ்ந்துபோய் அன்றைக்கே நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார். இன்றுவரை ஊரெல்லாம் அதைச் சொல்லித்தான் என்னை அறிமுகம் செய்து வைக்கிறார். அவர் சொல்லி முடிக்கும் வரை சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு அடக்கமான குடும்பம் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள்.