கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு எரிமலை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு படித்த கவிசா தன் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னது. அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னதால் இடையில் ஒன்றிரண்டு விடுபட்டிருக்கலாம்.

சித்தப்பாவின் பெயர் ஸ்ரீதரன். ஜெர்மனியில், கொலோன் நகரத்து வீட்டை விட்டு அசைவதில்லை என்பது அவருடைய வாழ்க்கையின் ஒரே கொள்கை. மனைவி பிரபாலினிக்கோ ஹம் நகரில் இருக்கிற தமையன் பாலமுருகனுக்குப் பக்கத்தில் குடியிருக்க ஆசை. அங்கேதான் சிக்கல். ஹம்மில் எந்தக் கலியாணம், எந்தச் சாமத்தியவீடு என்றாலும் மண்டபப் பொறுப்பு பாலமுருகனுடையது. சொந்தக்காரரைக் கண்டால் அவர் வணக்கம் சொல்வதில்லை; உட்கார அல்ல, எடுத்து அடுக்கக் கையில் கதிரையைக் கொடுப்பார். ஒருமுறை பட்டு வேட்டியோடு சாப்பிடப் போன ஸ்ரீதரன், விழா முடிய மண்டபக் கதிரை முழுவதையும் மடித்தார். கடைசிக் கதிரையில் வேட்டியையும் சேர்த்து மடித்தார். ஹம்மில் குடியேறினால் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கதிதான்.

இந்தக் கோடை விடுமுறைக்குப் பிரபாலினி ஹம்மைப் பற்றிப் பேசவே இல்லை. இத்தாலிக்குப் போய், புகை விடுகிற எரிமலையில் ஏறவேண்டும் என்றார். தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில் கொதித்தாலே இரண்டடி தள்ளி நிற்கிற மனிதர் ஸ்ரீதரன். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

“இத்தாலி என்னத்துக்கு? எங்கடை வாசலிலேயே எரிமலை இருக்கு,” என்றார்.

ஐஃபெல் மலைப்பக்கம், பழைய எரிமலை வாயில் தண்ணீர் நிரம்பிய லாஹர் ஏரிக்குக் கூட்டிப்போனார். தண்ணீரில் வாத்து நீந்தியது. கரை வாங்கில் உட்கார்ந்து இரண்டு ஜெர்மன் முதியவர்கள் கேக் சாப்பிட்டார்கள். எரிமலைக்கான அடையாளம் ஒரு நெருப்புக்குச்சி அளவுக்கும் இல்லை. புட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே, இதுவோ எரிமலை என்று பிரபாலினி கேட்டார்.

நல்ல காலம், கரையோரத் தண்ணீரில் குமிழி வந்தது. ஸ்ரீதரன் அதைப் பிடித்துக்கொண்டார். கீழே நெருப்புக் குழம்பு, எந்த நிமிடமும் வெடிக்கும், வெடித்தால் கொலோன் முழுக்கச் சாம்பல் என்று வாய்க்கு வந்தபடி அளந்தார்.

“இதை ஒருக்கா குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில சொல்லுங்கோவன். நான் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்,” என்றார் பிரபாலினி.

மனைவி நம்பிவிட்ட சந்தோசத்தில் ஸ்ரீதரன் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லி, குரல் பதிந்து அனுப்பினார்.

புட்டு முடியவில்லை. ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா அழுதுகொண்டு போன் எடுத்தார். யுத்தத்தில் ஷெல்லுக்குத் தப்பி ஓடிவந்த பிள்ளைகள் எரிமலைக்குப் பக்கத்தில் என்னத்துக்குக் குடியிருக்கிறார்கள் என்று லண்டன் மாமி கேட்டார். பாரிஸ் மாமா, ஸ்ரீதரனுக்குப் பொறுப்பு இல்லை என்று பொதுவில் எழுதினார். கேக் சாப்பிட்டவர்கள் எழும்பிப் போவதற்குள் மூன்று நாட்டுச் சொந்தமும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டது: கொலோனை விட்டு உடனே வெளிக்கிட வேண்டும். கடைசியாகப் பாலமுருகனின் செய்தி வந்தது. “மச்சான், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் இருக்கிறன்.”

ஸ்ரீதரன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“பிரபா, நான் சும்மா சொன்னது. இஞ்ச ஒண்டும் வெடியாது.”

“அப்ப பொய்யெண்டு குறூப்பில சொல்லுங்கோ.”

“அது ஏலாது. பெரியம்மா என்னை உயிரோட விடமாட்டா.”

“அப்ப உண்மையோ?”

ஸ்ரீதரன் வாத்தைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை.

“ஓம்,” என்றார்.

“உண்மையெண்டால் இனி அந்த வீட்டில எனக்கு எப்பிடியப்பா நித்திரை வரும்?”

இலை உதிர முதல் ஹம்முக்குக் குடிபோய்விட்டார்கள்.

கவிசா இதோடு நிறுத்தினாள். எனக்கு மனம் கேட்கவில்லை. முதலில் எரிமலையைப் பற்றித் தேடிப் படித்தேன். கடைசியாக வெடித்து ஏறக்குறையப் பதின்மூன்றாயிரம் வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் அது இன்னும் அணைந்துவிடவில்லை என்கிறார்கள்; அந்தக் குமிழிகள் கீழே ஆழத்திலிருந்து வருகிற வாயுதான். பாவம், ஸ்ரீதரன் பாதி உண்மையைத் தெரியாமலே சொல்லியிருக்கிறார்.

பிறகு கவிசாவிடம் நம்பர் வாங்கிப் பாலமுருகனிடம் ஒன்று கேட்டேன். ஹம் வீட்டைப் பார்க்கப் பிரபாலினி வீட்டுக்காரரிடம் டெர்மின் எடுத்து நாள் குறித்தது, இத்தாலிக் கதையைத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முதலே.