ரேக்குக்கு நாலு ஸ்பிரிங்

விளக்கு மறுபடியும் சிவப்பாகிவிட்டது.

சர்வர் அறைப் பொறுப்பாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரேக்கைப் பார்த்தார். ஆளுயர இரும்பு அலமாரி. உள்ளே அடுக்கடுக்காகச் சர்வர்கள், ஒரு பாவமும் அறியாத பிள்ளைகள் மாதிரிக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. பார்த்தால் ஆடுவதாகவே தெரியவில்லை. ஆனால் போன மாதம் தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்து அதன் முதுகில் ஒட்டிவிட்டுப் போன தீப்பெட்டி அளவு அதிர்வுமானி, ஆடுகிறது என்று சாதித்தது. அதன் விளக்கு ரேக்கின் தலையிலும் மேஜைத் திரையிலும் எரியும். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் அதிர்வு.

மேலாளர் வாசலில் நின்றபடியே பேசினார். உள்ளே வந்தால், அவர் நடந்துதான் ஆடியது என்று பழி வந்துவிடுமோ என்ற பயம். வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறாராம். அதற்குள் காரணம் தெரிந்துவிட்டால் ரேக் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்த் தலைமை அலுவலகத்தில் வைத்துவிடுவார்களாம்.

"அப்ப நான்?" என்று கேட்டார் பொறுப்பாளர்.

"ரேக் எங்கயோ, நீங்களும் அங்கதானே."

தலைமை அலுவலகம் ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரம். மனைவிக்குப் போன வாரம்தான் பக்கத்துப் பள்ளியில் வேலை நிரந்தரமாகியிருந்தது. அந்த உத்தரவுத் தாளை அவள் இன்னும் பீரோவில் வைக்க மனசில்லாமல், போகிறபோதும் வருகிறபோதும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கவலையோடு தன் மேஜையையும் நாற்காலியையும் ரேக்குக்கு ஒரு முழம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். இழுப்பது சுலபம். அந்த அறையின் தரை நிஜத் தரை அல்ல. வயர்கள் ஓடுவதற்காக நிஜத் தரைக்கு மேலே ஒரு படி உயரம் இடைவெளி விட்டு, இரும்புக் கால்கள் நட்டு, வழவழவென்று பலகை பரப்பியிருந்தார்கள். ரேக் நின்றதும் அதன்மேல்தான்.

மனைவியின் தம்பி பாலம் கட்டுகிற என்ஜினியர். அவனுக்குப் போன் போட்டார்.

"ஆடற பொருளுக்கு ரெண்டே வழிதான் அத்தான்," என்றான் அவன். "ஒண்ணு மெத்தை போடணும், இல்ல கட்டிப் போடணும்."

முதலில் மெத்தை. ரேக்கின் நாலு மூலைக்கும் கனமான ரப்பர் வைத்தார். வைத்துவிட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார். முன்பு விட்டுவிட்டு எரிந்த சிவப்பு இப்போது விடாமல் எரிந்தது.

"ரப்பர் பெரிய குலுக்கலைத்தான் தாங்கும்," என்று மைத்துனன் விளக்கினான். "சின்ன ஆட்டமா இருந்தா ஊஞ்சல் மாதிரி ஏத்தி விட்டுடும். அங்க சின்னதா எதாவது ஆடுதா?"

"இங்க என்ன இருக்கு ஆட? நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

அடுத்தது கட்டிப் போடுவது. ரேக்கின் இரு பக்கமும் குறுக்குச் சட்டம் அடித்தார். கனமான பேட்டரிகளை எல்லாம் அடித்தட்டுக்கு இறக்கினார். தலைப் பக்கத்தைச் சுவரோடு சேர்த்து முடுக்கினார். முடுக்கிய பிறகுதான், சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடுவது ஞாபகம் வந்தது. யாராவது லிஃப்டில் ஏறினால் ரேக்குக்கும் சேர்ந்து சிலிர்த்தது. மேலாளரிடம் கெஞ்சி லிஃப்டை நிறுத்தினார்.

அலுவலகம் இருந்தது நாலாவது மாடி. கணக்குப் பிரிவில் இருந்த அக்காவுக்கு, வயது மூத்தவர் என்பதால் எல்லோருக்குமே அக்கா, ஏற்கெனவே முழங்கால் வலி. காலையில் மூச்சு வாங்க வந்து சர்வர் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் தம்பி, என் முழங்கால் தேஞ்சாதான் உன் ரேக்கு நிக்குமா?"

நிற்கவில்லை. லிஃப்ட் நின்றும் விளக்கு சிவப்பாகவே இருந்தது.

கடைசி முயற்சி, ஸ்பிரிங். பட்டறைக்குப் போய், எடைக்குத் தகுந்த மாதிரி நாலு ஸ்பிரிங் சொல்லிச் செய்து வாங்கினார். அவர் பட்டறையில் காத்திருந்த அந்த நாள் முழுக்க விளக்கு பச்சை என்று மேலாளரே போன் செய்து மகிழ்ந்தார். மறுநாள் ஸ்பிரிங்கை மாட்டி, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். சிவப்பு. ஆகவே ஸ்பிரிங்தான் குற்றவாளி என்று கழற்றினார். கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சிவப்பு. கழற்றியதுதான் தப்பு என்று திரும்ப மாட்டினார்.

வீட்டிலும் ராசி அதே ராசிதான். சாப்பாட்டு மேஜை கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்துப் பார்த்தார். பிறகு எதிர்க் காலைக் கொஞ்சம் அறுத்தார். அதற்குச் சரியாக மற்ற மூன்றையும் அறுத்தார். இப்படி இரண்டு சுற்று ஆனதில் மேஜை மகளின் உயரத்துக்கு இறங்கியிருந்தது. மகளுக்குப் பரம திருப்தி.

"இன்னும் ஒரு தடவை அறுத்தீங்கன்னா தரையிலயே பரிமாறிடுவேன்," என்றாள் மனைவி. பிறகு சோற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "ஊர் மாறணும்னா மாறலாம். வேலையை விட்டுட்டு நாங்களும் வந்துடறோம். நீங்க அதையே நினைச்சிட்டு இருக்காதீங்க."

அவர் தண்ணீர் குடிக்கக் கையை நீட்டினார். டம்ளரில் தண்ணீர் முன்னைவிட வேகமாக வட்டம் வட்டமாக நடுங்கியது. இந்த மேஜையை என்ன செய்தால் தேவலை என்று யோசித்தார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். அதிகம் பேசாத அம்மாள். நாலு மாடி ஏறி வந்த கோபத்தைக்கூட வெளியில் காட்டவில்லை. பொறுப்பாளர் கீழே போய் அவரை அழைத்து வந்தபோது விளக்கு பச்சையாக இருந்தது. அந்த அம்மாள் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார், சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே கட்டியிருக்கீங்க. யானை முட்டினாலும் நிக்கும் போலிருக்கே."

பொறுப்பாளர் பூரித்துப் போய், விளக்கிச் சொல்வதற்காகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கு சிவப்பாகியது.

அதிகாரி சளைக்கவில்லை. ஏசியை நிறுத்தச் சொன்னார். சிவப்பு. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். சிவப்பு. மேலாளரை வெளியே போகச் சொன்னார். அவர் சந்தோஷமாகப் போனார். அப்போதும் சிவப்பு. ரேக்கின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். பொறுப்பாளர் எழுந்து போய்த் திறந்தார். பச்சை. கதவுதான் காரணமா என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் நம்பிக்கை பிறந்தது. திரையில் சரிபார்க்க அவர் வந்து உட்கார்ந்தார். சிவப்பு. கதவை மூடச் சொன்னார் அதிகாரி. எழுந்து போய் மூடினார். பச்சை. வந்து உட்கார்ந்தார். சிவப்பு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திறந்தாலும் பச்சை, மூடினாலும் பச்சை, திறந்திருந்தாலும் சிவப்பு, மூடியிருந்தாலும் சிவப்பு. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு கதவை அவர் பார்த்ததில்லை.

"காரணம் தெரியலைன்னா எனக்கு வேற வழியில்லை," என்று லாரிக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தார்.

பொறுப்பாளருக்கு அந்த உத்தரவுத் தாள் கண்முன் வந்தது. நாற்காலியிலேயே இறுகிப்போனார். சிவப்பு விளக்கு படபடவென்று துடிக்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துக் கணக்குப் பிரிவு அக்கா நாலாவது மாடியை வந்தடைந்தார். அதற்குமேல் ஓர் அடி வைக்க முடியவில்லை. சர்வர் அறை வாசலில், பலகைத் தரை தொடங்குகிற அந்த ஒற்றைப் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணுக்கு நேராகப் பொறுப்பாளருடைய மேஜையின் அடிப்பாகம் இருந்தது. சற்று நேரம் மேஜைக்கு அடியில் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். மறுபடி மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"ஏம்மா," என்றார் அதிகாரியிடம், மூச்சு வாங்கிக்கொண்டே. "லாரிக்குச் சொல்றதுக்கு முன்னாடி, லிஃப்டை நிறுத்தின மாதிரி, தம்பி ஆட்டிட்டே இருக்கிற அந்தக் காலையும் ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்ப்போமா?"