தினமும் பெயர் கேட்கும் மெயில்

அன்புள்ள செல்லதுரை மாமாவுக்கு,

மட்டாஞ்சேரியிலிருந்து மருமகள் சங்கரி பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். மழையும் நலமாகப் பெய்துகொண்டிருக்கிறது. உங்கள் நலத்தை மெயிலில் விசாரிக்கத்தான் நினைத்தேன். நோயாளியே மெயில்தான் என்பதால் தபாலில் விசாரிக்கிறேன்.

ஓணத்துக்கு வந்தபோது அப்பாவின் சாக்குக் கடையில் உங்கள் பழைய கம்ப்யூட்டரை வைத்து, அதில் மெயில் மென்பொருளையும் போட்டு, மச்சான் மலையாளம் வாசிப்பார் என்று எல்லாவற்றையும் மலையாளத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள் அல்லவா? நீங்கள் ரயில் ஏறிய மறுநாளே அது எங்களை மறந்துவிட்டது. "வருக! உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டது. பெயர், சர்வர், போர்ட், கடவுச்சொல் எல்லாம் சொன்னேன். கரண்ட் பில் ஏறும் என்று நான் பள்ளிக்குப் படியிறங்கியதும் அப்பா அதை அணைத்துவிடுவார். மத்தியானம் திறந்தால் மறுபடி "வருக!" மாலையில் நான் வந்து சொல்லிக் கொடுத்தால் காலையில் மறுபடி "வருக!" வாய்ப்பாடு மறந்துபோகிறது மாமா, அந்த போர்ட் எண் மட்டும் தூக்கத்திலும் வருகிறது.

விளையாட்டு விஷயம் என்றால் பொறுத்திருப்பேன். கொச்சங்காடி மிளகுக் கம்பெனி இப்போது சாக்கு ஆர்டரை மெயிலில்தான் அனுப்புகிறது, பதிலும் மெயிலில்தான் வேண்டுமாம். ஆர்டர் வருவதும் பதில் கேட்பதும் நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் என்பதால், இதுவரை வந்த எதற்கும் அப்பாவிடமிருந்து பதில் போகவில்லை. வெள்ளிக்கிழமை மெயிலுக்கும் பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அங்குள்ள மேனேஜர் கல்யாணராமன் சார் போனில் சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் போனால் கடையே இல்லை, ஏலூர் உரத் தொழிற்சாலைக்கு மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான் என்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கு, நேர்ல போய்க் கேளுங்களேன்" என்றாள் அம்மா. "இது மெயில் காலம், வசந்தி. நேர்ல போனா நமக்கு மதிப்பிருக்காது" என்றார் அப்பா.

செல்போன் கடை விக்கி சேட்டன் வந்து மென்பொருளை அழித்தார், மறுபடி போட்டார், சாயா குடித்தார், "மோளே, இவிடத்த ஈரக்காத்துதான் பிரச்னை" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா உடனே கம்ப்யூட்டரைச் சாக்கால் சுற்றினாள். அது சூடாகிப் புகைந்தது. பிறகு திருநீறு பூசினாள், அதுவும் விசிறிக்குள் போய்த் தும்முகிற மாதிரி ஒரு சத்தம், நான் என்ன செய்வேன் சொல்லுங்கள்.

இன்று மழைக்காகக் கலெக்டர் பள்ளிக்கு லீவு விட்டதால், அப்பா கம்ப்யூட்டரை அணைப்பதை முதல்முறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூடும்போது அது ஒரு கேள்வி கேட்கிறது. கீழே இரண்டு பொத்தான்: 'சூக்ஷிக்குக', 'வேண்டா'. அப்பா தீயைத் தொட்டவர்போல விரலை இழுத்து 'வேண்டா'வை அழுத்தினார்.

"ஏம்ப்பா?"

"ஏட்டி, சூக்ஷிக்குகன்னு போட்டிருக்கான், பாக்கலியா? நாய் இருக்க வீட்டு கேட்டுல போட்டிருப்பான். டிரான்ஸ்பார்மர்ல போட்டிருப்பான். ஜாக்கிரதைன்னு அர்த்தம். அதுல போய்க் கைய வைக்கச் சொல்லுதியா?"

மாமா, அப்பா மலையாளம் படித்ததே போர்டுகளைப் பார்த்துத்தான். அந்தச் சொல்லுக்குப் 'பத்திரமாக வைத்துக்கொள்' என்றும் பொருள் உண்டென்று எந்த நாயும் அவருக்குச் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிவிட்டேன். இப்போது அந்த இடத்தில் அழகாகச் 'சேமி' என்று இருக்கிறது. நாளைக் காலை பதில் போய்விடும். ஆகவே நீங்கள் லீவு போட்டு வரவேண்டிய அவசியம் இல்லை.

அத்தைக்கு என் அன்பு. குட்டித்தம்பியின் கன்னத்தை என் சார்பில் ஒருமுறை கிள்ளவும், அழாத அளவுக்கு.

இப்படிக்கு,
களைத்துப்போன மருமகள்
சங்கரி

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை எழுதுகிறேன். "வருக! உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கிறது. அப்பா நேற்று ராத்திரியும் 'வேண்டாம்' அழுத்தியிருக்கிறார். "சேமிப்பு பத்தி எவன் கேட்டாலும் வேண்டாம்னு சொல்லுங்கன்னு பேங்க்காரன் தினமும் மெசேஜ் அனுப்புதாம்லா?" என்கிறார். அம்மா சட்டையைக் கையில் கொடுத்து அவரைக் கம்பெனிக்கே துரத்தினாள். போனவர் ஆர்டரோடு, சாயாவும் குடித்துவிட்டு வந்தார். கல்யாணராமன் சாருக்கு ஆளை நேரில் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷமாம். அவர்கள் ஆபீஸ் மெயிலும் கொஞ்சநாளாகத் தினமும் பெயர் கேட்கிறதாம். "எம் மவ நேத்துதான் எங்களுத சரி பண்ணுனா, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை அவள அனுப்புதேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். மேலே 'வரவேண்டிய அவசியம் இல்லை' என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். அடுத்த வாரச் சனிக்கிழமை ரயிலிலேயே வந்துவிடவும்.