நாலு ஆளும் வேண்டாம்

பீரோ வாசற்படியில் மாட்டிக்கொண்டது. பாதி வீட்டுக்குள், பாதி வாசலில். உள்பக்கம் அமாவாசை, வெளிப்பக்கம் அவருடைய மச்சான் குருநாதன்.

"மாமா, வரும்போது இது எப்படி உள்ள வந்துச்சு?"

"நாலு பேரு தூக்கியாந்தாங்க."

"இப்ப நாம எத்தன பேரு?"

"பேசாம தூக்குடா."

நாலு பேர் வேண்டாம் என்று சொன்னதும் அமாவாசைதான். மகள் மேகலாவுக்கு அரியலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. குரும்பலூர் வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கே போகிறார்கள். மூன்று நாள் முன்பு வண்டி பேச பெரம்பலூரில் பிரேம்குமார் ஆபீசுக்குப் போனவர், உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்.

"முப்பது வருசம் சிமெண்டு மூட்டை தூக்குனவன் தம்பி நான். எங்கிட்ட பாத்துச் சொல்லு."

பிரேம்குமார் அவருடைய பிடரியில் காய்த்துப்போயிருந்த இடத்தைப் பார்த்தான். டீ வாங்கிவரச் சொன்னான். "நாலாயிரம் குடுங்கண்ணே. வண்டியோட நாலு ஆளும் வருவாங்க."

பக்கத்து வீட்டுக்காரர் இதே அரியலூருக்கு ஏழாயிரம் கொடுத்திருந்தார். பயல் பயந்துவிட்டான் என்று அமாவாசைக்குத் தோன்றியது. பயந்தவனை இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.

"ஆள் வேணாம். அப்ப எவ்வளவு?"

"ஆள் வராட்டியும் பெருசா கொறையாதுங்கண்ணே. அவங்க டீக்காசு இருநூறு வேணா கழிச்சுக்கலாம்."

"நாலு ஆளுக்கு இருநூறா? யார்கிட்ட கதை விடுற?"

"வரட்டும்ணே. உங்க வூடுன்னா அவங்களுக்கும் சந்தோசம்."

"என் வூட்டுச் சாமான்ல இன்னொருத்தன் தோள் படக்கூடாது தம்பி."

ஆபீசை விட்டு வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் வந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும். அதற்குள் புது வீட்டில் பால் பொங்கியாக வேண்டும். "பொங்கலன்னா அந்த வூட்டுல நான் கால வைக்க மாட்டேன். வந்த வண்டியிலயே திரும்பிருவேன்" என்று மனைவி அம்மாக்கண்ணு நேற்றே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

பீரோ அசையவில்லை. அமாவாசை கதவைக் கழற்றச் சொன்னார். கதவு வந்தது, கூடவே கீல் ஆணியும் நிலைச்சட்டத்தில் ஒரு சில்லும் பிய்த்துக்கொண்டு வந்தன. பீரோ வெளியே போனது. வீட்டு ஓனர் உள்ளே வந்தார்.

"கதவ முன்ன இருந்த மாதிரி மாட்டிட்டு சாவியக் குடுங்க."

ஆசாரி வந்தார். ஐந்நூறு ரூபாய்.

குருநாதன் ஒத்தாசைக்கு எறையூரிலிருந்து இரண்டு கூட்டாளிகளை அழைத்து வந்திருந்தான். கூலி வேண்டாம், பிரியாணி போதும் என்று வந்தவர்கள். அதில் ஒருத்தன் கிரைண்டரைத் தூக்கக் குனிந்தான், நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. அவனை பஸ்ஸில் ஏற்ற இன்னொருத்தன் போனான். போகும்போது பிரியாணிக்குக் காசாகவே வாங்கிக்கொண்டான். அது ஒரு நானூறு.

"ஏங்க, இருநூறு மிச்சம் புடிக்க தொள்ளாயிரம் போயிருச்சு" என்றாள் அம்மாக்கண்ணு.

"கணக்கு பாக்காத. வேலையப் பாரு."

டிரைவர் கோகுலகிருஷ்ணன் வண்டியில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நம்ம பசங்க பெரம்பலூர் ஸ்டாண்டுலதான் நிக்கிறாங்க. ஒரு போன் போட்டா…"

"நீ வண்டிய ஓட்டுனா போதும் தம்பி."

அமாவாசை துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தார். கிரைண்டரை ஒற்றை ஆளாகத் தூக்கினார். தெருவே நின்று பார்த்தது. மூட்டை, கட்டில், பாத்திரச் சாக்கு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், ஒன்றின் இடுக்கில் ஒன்றைச் சொருகி அடுக்கினார். வண்டிக்குள் ஒரு விரல் நுழைய இடமில்லை. எந்தக் குழியில் விழுந்தாலும் ஒரு டம்ளர்கூட ஆடாது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு லோடு கட்ட இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவன் இருக்கிறான்? இடுப்பு விண்விண் என்று தெறித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அரியலூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பது. மேகலா புது வீட்டு வாசலில் பால் பாக்கெட்டோடு நின்றாள்.

"நல்ல நேரத்துக்கு வந்துட்டோம். அடுப்ப எடுங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

அமாவாசை வண்டியைப் பார்த்தார்.

"அடுப்பு எங்கங்க?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"கடைசில. டிரைவர் முதுகுக்குப் பின்னாடி."

அடுப்பு, பால் பானை, குத்துவிளக்கு மூன்றையும் பத்திரம் என்று சொல்லி முதலில் கொடுத்தவள் அம்மாக்கண்ணுதான். முதலில் வந்ததை முதலில் அடுக்கினார். முப்பது வருசமாக அவர் ஏற்றியதெல்லாம் ஒரே மாதிரி சிமெண்டு மூட்டை. எது முன்னால் இறங்கினால் என்ன, எது பின்னால் இறங்கினால் என்ன?

"பக்கத்து வூட்டுல அடுப்பு கேக்கவாம்மா?" என்றாள் மேகலா.

"அடுத்தவ அடுப்புல பொங்குனா பாலு அவ வூட்டுக்குத்தான்டி பொங்கும்."

இறக்கத் தொடங்கினார்கள். இறுக்கி அடுக்கிய லோடு இறங்கவும் மறுத்தது. கட்டிலை இழுத்தால் சைக்கிள் வந்தது, சைக்கிளை இழுத்தால் குருநாதனின் சட்டை கிழிந்தது. பீரோ நடுத்தெருவில் நின்றது. அதைத் தாண்ட முடியாமல் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கண்டக்டர் இறங்கிவந்து திட்ட வாயெடுத்தார். அம்மாக்கண்ணு முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கை பிடித்தார்.

பத்து இருபத்துநாலுக்கு அடுப்பு கைக்கு வந்தது. பத்து இருபத்தொன்பதுக்குப் பால் பொங்கி வழிந்தது. அம்மாக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தாள்.

அமாவாசை சுவரைப் பிடித்து மெல்ல நிமிர்ந்தார். மூவாயிரத்து எண்ணூறை எண்ணி டிரைவர் கையில் வைத்தார்.

"உங்க ஓனருகிட்ட போய்ச் சொல்லு. நாலு ஆள் வேலைய ஒத்த ஆளாச் செஞ்சான் அமாவாசைன்னு. நியாயமாப் பாத்தா நாலு ஆள் கூலியும் கழிச்சிருக்கணும். போவட்டும், நான் பெருசு பண்ணல."

கோகுலகிருஷ்ணன் பால் டம்ளரைக் கீழே வைத்தான்.

"கழிக்கிறதுக்கு அதுல கூலியே கெடையாதேண்ணே. நாலாயிரத்துல வண்டி வாடகையும் டீக்காசும்தான். மூட்டை தூக்குனவங்க வூடு மாத்துனா, எங்க பசங்க கூலி வாங்க மாட்டாங்க."