மூன்றாம் ஓலையும் தெற்குச் சன்னலும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அந்த வயதில் எனக்குக் கிடையாது. சிவில் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். (இரண்டு அரியர் இருந்தது வேறு விஷயம்.) அதனால்தான் கெங்குவார்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவ ஆலயத்தில், சபைச் செயலாளரான என் வருங்கால மாமனார், "பிரதிஷ்டைப் பண்டிகையில நம்ம கோயில் வரலாறு பத்தி மாப்ள பேசுவாக" என்று சொன்னதும் உடனே தலையாட்டினேன். அதே ஞாயிறு எனக்கும் அவர் மகள் பியூலாவுக்கும் மூன்றாம் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு எங்கள் பெயரைப் படித்து, "தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்று போதகர் கேட்பார். யாரும் வாய் திறந்ததாகச் சரித்திரம் இல்லை.

முந்தின நாள் என் ஊரான அல்லிநகரத்திலிருந்து போய் ஆலயத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை, சின்ன மணிக்கூண்டு. தெற்குச் சுவரில் மட்டும் உயரமான வளைவுச் சன்னல் ஒன்று, அதன் பக்கத்தில் குட்டையாகச் சதுரச் சன்னல் ஒன்று. யாரிடமும் காரணம் கேட்கவில்லை. (கேட்டால் இன்ஜினியருக்கு என்ன மரியாதை?)

மறுநாள் மைக்கைப் பிடித்து முழங்கினேன். "இதைக் கட்டிய வெள்ளைக்கார மிஷனரி சாதாரணப்பட்டவர் அல்ல. பெரிய சன்னல் பழைய ஏற்பாடு, சிறிய சன்னல் புதிய ஏற்பாடு. கல்லிலேயே வேதபாடம் வைத்திருக்கிறார்!"

முன்வரிசையில் யாரோ "ஆமென்" என்றார்கள். போதகர் குறித்துக்கொண்டார். மாமனார் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

அடுத்தது ஓலை. போதகர் படித்து முடித்துத் தடை உண்டா என்று கேட்டார். கடைசி வரிசையில் கொத்தனார் செல்லையா எழுந்து நின்றார்.

சபை மொத்தமும் பின்னால் திரும்பியது. பியூலாவின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மாமனார் என் பக்கம் குனிந்து, "அல்லிநகரத்துல ஏதும் சங்கதி உண்டுமா?" என்றார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் எழுதிக் கொடுக்காமல் கிழித்த கடிதம் வரைக்கும் யோசித்தேன்.

"ஆட்சேபனை என்னன்னு சொல்லுங்க" என்றார் போதகர்.

"வெள்ளைக்காரரு வச்சது பெரிய சன்னலு மட்டுந்தேன். மழையில தெக்குச் செவுரு விழுந்தப்ப நாந்தேன் திரும்பக் கட்டுனேன். போடியில ஏலக்காய் குடோன இடிச்சாக. அங்கன கெடந்த சன்னலத் தூக்கியாந்து வச்சேன். ஏற்பாடெல்லாம் ஒண்ணுமில்ல."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"கோயில்ல குறுக்க பேசப்படாதுல்ல. இப்ப நீங்களே கேட்டீக, எந்திரிச்சேன்."

"அப்ப கல்யாணத்துக்கு?"

"அதுக்கு நான் என்ன சொல்ல? புள்ளை சம்மதிச்சா சரித்தேன்."

பியூலா சிரித்த சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது. கல்யாணமும் நடந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சபையில் மூன்று போதகர்கள் மாறிவிட்டார்கள். இன்றைக்கும் யாருக்கு ஓலை வாசித்தாலும், "தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்றதும் போதகர் ஒரு நொடி நிறுத்தி, "கல்யாணத்துக்கு மட்டும்" என்று சேர்த்துக்கொள்கிறார். சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கும். முதலில் திரும்புவது என் மனைவி.