ரெப்பை சாரும் செங்கல்பட்டுக் கனவும்

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் ஒரு பெட்டி முழுவதையும் ஏழு முறை காபியை விடவைத்து, எட்டு முறை திரும்பக் குடிக்கவைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ரெப்பை சார். பெற்றோர் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். எதிர் சீட்டில் அத்தனை வருஷம் உட்கார்ந்து போயும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்குக் கிழக்குத் தாம்பரம், அவருக்குச் சேலையூர். இருவருக்கும் பாரிமுனைப் பக்கம் வேலை. அவருடையது ஒரு மருத்துவ நூலகத்தில். வெளிநாட்டிலிருந்து வரும் ஆராய்ச்சிப் பத்திரிகைகளின் உறையைக் கிழித்து, முத்திரை குத்தி, அடுக்கவேண்டும். முத்திரை குத்துவதற்கு முன் ஒரு பாரா படிப்பார். மேலதிகாரி வருவதற்குள் இன்னொரு பாரா. மீதிக் கட்டுரையில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்த இரண்டு பாராவை வைத்துக்கொண்டு மறுநாள் காலை எங்கள் வாழ்க்கையை மாற்றி அமைப்பார்.

"காபி ஹார்ட்டுக்கு ஆகாதாம். கண்டுபிடிச்சிருக்காங்க."

பெட்டி காபியை விடும். ஒரு மாதம் கழித்து, "ரெண்டு கப் வரைக்கும் பரவாயில்லையாம்" என்பார். மாம்பலத்தில் இறங்குகிறவர்கள் நேரே ஹோட்டலுக்கு ஓடுவார்கள்.

ஒரு நாள், வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் இல்லை, ஒரு கிருமி என்றார். ஒன்பது வருஷமாக மோர்சாதமே தின்றுகொண்டிருந்த ஒரு ஹெட்கிளார்க்குக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப ஒம்பது வருஷமா நான் ஊறுகாய் தொடாம கெடந்தேனே, அதுக்கு யார் சார் பதில் சொல்றது?" பெட்டியே சிரித்தது. பல வருஷம் கழித்து ஊர் டாக்டர்கள் எல்லாம் அதையே சொன்னார்கள். அப்போது நாங்கள் யாரும் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்னொரு நாள் உப்பு. "உப்பு கூடினா பிரஷர் கூடும். வீட்ல சொல்லி பாதியாக் குறைங்க" என்றார். பாதிப் பேர் வீட்டில் போய்ச் சொன்னார்கள். இந்த உப்பை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெப்பை என்கிற பெயர் வந்தது தூக்க ஆராய்ச்சிக்குப் பிறகு. சாயங்கால வண்டி நுங்கம்பாக்கம் தாண்டினால் பேச்சு ஓய்ந்துவிடும். மஞ்சள் வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து தூங்குகிறவர்கள் மடியில் விழும். காலி டிபன் பாக்ஸ்கள் பைக்குள் மெல்லக் குலுங்கும். அந்த நேரத்தில் அவர் மட்டும் குனிந்து, ஒவ்வொருவர் கண் ரெப்பையாகப் பார்த்துக்கொண்டு போவார். கையில் ஒரு நோட்டு.

"தூக்கத்துல ரெப்பைக்குள்ள கண்ணு ஓடுதுன்னா கனவு ஓடுதுன்னு அர்த்தம் தம்பி. அப்பவே எழுப்பினா முழுசா சொல்லுவாங்க. கொஞ்ச நேரம் விட்டு எழுப்பினா ஒண்ணும் மிஞ்சாது."

எழுப்பினார். கிண்டி எஸ்டேட்டில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு ஏறி, உட்கார்ந்த நிமிஷத்தில் சாய்ந்துவிட்ட ஒரு தொழிலாளியைத் திரிசூலத்தில் தோளைத் தட்டி எழுப்பினார்.

"இன்னா சார் வோணும்?"

"கனவு கண்டீங்களே, என்ன கனவு?"

அந்த ஆள் கண்ணைக் கசக்கினார். பிறகு முகம் வாடிப்போயிற்று. "கல்யாண வூட்ல பிரியாணி துன்னுகினு இருந்தேன். கறித்துண்டு இப்பத்தான் கைக்கு வந்துச்சு. அதுக்குள்ள எழுப்பிட்டியே, இது நாயமா கீதா?"

ரெப்பை சார் அதை எழுதிக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் அந்த ஆளுக்காக ஒரு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். பாதியில் நிறுத்தியது தன் தப்பு என்றார். தூக்கத்துக்கு ஏங்கிப்போனவனுக்குத்தான் சாய்ந்ததுமே கனவு வரும் என்பதையும் எனக்கு அன்றைக்கு விளக்கினார்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, குறும்புக்குக் குறைவில்லை. ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு, ரெப்பைக்குள் விழியை இப்படியும் அப்படியும் உருட்டினேன். உடனே தட்டினார். மீனம்பாக்கத்தில் ஒரு யானை சீசன் டிக்கெட்டோடு ஏறியது, ஜன்னல் சீட்டு கேட்டு என்னோடு சண்டை போட்டது என்று அளந்துவிட்டேன். அத்தனையையும் எழுதிக்கொண்டார். அந்த வாரமே பெட்டியில் பாதிப் பேர் கனவுகளோடு வரிசையில் நின்றார்கள். நாங்கள் பல்லாவரம் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு போவோம்.

எங்களோடு முடிச்சூரிலிருந்து அருளப்பன் என்றொருவர் வருவார். கப்பல் கம்பெனியில் குமாஸ்தா, வாயாடி. அவர் மனைவி ஸ்டெல்லா திடீரென்று இறந்துபோனபின் பேச்சை நிறுத்திவிட்டார். ஏறுவார், கண்ணை மூடுவார், இறங்குவார். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் யாரும் கேட்காமலே பேசினார்.

"ஸ்டெல்லா எதிர் வீட்டம்மா கனவுல வந்து இட்லி மாவு கேட்டாளாம். என் தங்கச்சி கனவுல அடிக்கடி வர்றா. பால்காரன் கனவுல கூட வந்துட்டா சார். என் கனவுல மட்டும் வரல. எம்மேல கோவம் போல."

"என்ன கோவம் இருக்கப்போவுது?" என்றேன்.

"அன்னிக்குக் காலைல குழம்புல உப்பில்லன்னு தட்டைத் தள்ளிட்டு வந்துட்டேன். சாயங்காலம் போறேன், ஆள் இல்ல. நான்தான் உப்பைக் குறைன்னு சொன்னதே. சொன்னது எனக்கே மறந்துபோச்சு. அவ மறக்கல."

நாங்கள் யாரும் ரெப்பை சாரைப் பார்க்கவில்லை. அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். ஒரு வாரம் எந்தக் கண்டுபிடிப்பும் சொல்லவில்லை. எங்களுக்குக் காபி குடிப்பதா வேண்டாமா என்றே தெரியாமல் போயிற்று.

அடுத்த வாரம் அருளப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கனவு வராத மனுஷனே கெடையாது சார். வருது, நீங்க மறந்துடறீங்க. அவங்க வந்துட்டுத்தான் போறாங்க. அந்த நேரம் பாத்து நான் எழுப்பறேன்."

அருளப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ கோவமா இருக்காளான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் சார்."

இரண்டு மாதம் தினமும் அந்த ரெப்பைகளுக்குக் காவல் இருந்தார். ஒன்றும் அசையவில்லை. வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்றால், பாதி காலியான கட்டிலில் அருளப்பனுக்குத் தூக்கம் வரவே நடுராத்திரி தாண்டிவிடும். ரயிலில்தான் ஏறியதும் தூங்குவார். கடைசியில் ஒரு பத்திரிகையில் மூன்றாவது பாராவையும் படித்தபோதுதான் ரெப்பை சாருக்கு விஷயம் பிடிபட்டது. சாதாரணமாகக் கனவு எட்டிப்பார்க்கத் தூங்க ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். எங்கள் வண்டி ஒரு மணி நேரத்துக்குள் தாம்பரம் வந்துவிடும்.

"தாம்பரம் பத்தாது தம்பி. செங்கல்பட்டு வரைக்கும் போகணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் பீச்சுக்குப் போனோம். போகும்போது அருளப்பன் தூங்கிவிடக்கூடாது, அவரைக் கிள்ளிக்கொண்டே வருவது என் பொறுப்பு. ரெப்பை சாரின் கண் சிவந்திருந்தது. "ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல. பயமா இருக்கு" என்றார். என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. பீச் ஸ்டேஷனில் அருளப்பனுக்கு வயிறு முட்டத் தயிர்சாதம் கொடுத்து, செங்கல்பட்டு வண்டியில் ஏற்றினோம். எழும்பூரில் அவர் கண் சொருகிற்று. ரெப்பை சார் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

தாம்பரம் தாண்டியது, வண்டலூர் தாண்டியது. கூட்டம் கரைந்து பெட்டியில் நாலைந்து பேர்தான். காற்றில் ஈரநெல் வாசனை. எனக்கே கண் இழுத்தது. கூடுவாஞ்சேரியில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். எங்கள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அருளப்பன் தோளுக்குக் கையை நீட்டினார். ரெப்பை சார் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"எழுப்பாதீங்க சார். ஆராய்ச்சி நடக்குது."

"டிக்கெட் இல்லாதவன் எல்லாம் இப்ப ஆராய்ச்சிதான் பண்றான். எழுப்புய்யா."

ரெப்பை சார் குனிந்து, இரண்டு விரலால், அருளப்பன் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை உருவிக் காட்டினார். நூலக வேலைக்கு முன் அவர் என்ன தொழில் செய்துகொண்டிருந்தார் என்கிற சந்தேகம் பரிசோதகருக்கு வந்தது, எனக்கும் வந்தது.

பரனூர் தாண்டினால் ஏரி வரும். அன்றைக்குத் தண்ணீர் நிறைய இருந்தது. சாயங்கால வெளிச்சம் தண்ணீரில் பட்டுப் பெட்டியின் கூரையில் அலை அலையாக ஓடியது. அந்த வெளிச்சத்தில் அருளப்பனின் மூடிய ரெப்பைக்குள் கண் ஓட ஆரம்பித்தது. இடம், வலம், இடம். உதடு லேசாக அசைந்தது. பிறகு சிரித்தார்.

ரெப்பை சாரின் கை அவர் தோள் வரை போய், தொடாமல் நின்றது.

"எழுப்புங்க சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "பேசிக்கிட்டிருக்காங்க தம்பி. புருஷன் பொண்டாட்டி பேசும்போது நாம எப்படி நடுவுல..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு மாதக் காவல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தனை தயிர்சாதம். நானே எழுப்பிவிடலாம் என்று எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

கண் அசைவு மெல்ல நின்றது. செங்கல்பட்டில் வண்டி குலுங்கி நின்றபோது அருளப்பன் தானே விழித்தார். "வந்தாளா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே சார். நீங்க எழுப்பலையா?"

"எழுப்ப மனசு வரல. அவங்கதானான்னு எனக்குத் தெரியாது சார், பொய் சொல்ல மாட்டேன். கண்ணு ஓடுச்சு. வாய் அசைஞ்சுது. சிரிச்சீங்க. நான் பாத்தது அவ்வளவுதான்."

அருளப்பன் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தி, "எப்படிச் சிரிச்சேன்?" என்று கேட்டார்.

ரெப்பை சார் திகைத்துப்போனார். பிறகு, அந்த மனிதர், சிரித்தே நான் பார்த்திராதவர், அருளப்பன் எதிரில் நின்று உதட்டை ஒரு பக்கமாக இழுத்து, தலையைக் கொஞ்சம் குனிந்து, சிரித்துக் காட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அது அச்சாக அருளப்பனின் சிரிப்பு.

"இது தப்பு பண்ணிட்டு அவகிட்ட சமாதானத்துக்குப் போறப்ப சிரிக்கிறது" என்றார் அருளப்பன். "இந்தச் சிரிப்புக்கு அப்புறம் அவளுக்குக் கோவம் நிக்காது." சொல்லிவிட்டு அழுதார். சிரிப்பை எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் ரெப்பை சார் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும் வண்டியில் அருளப்பன் விழித்துக்கொண்டு வந்தார். ரெப்பை சார் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். அவர் ரயிலில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். மடியிலிருந்து நழுவிய நோட்டை எடுத்துப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில், "கனவு தெரியாது. சிரித்தார்" என்று இருந்தது. முன்பக்கங்களைப் புரட்டினேன். என் யானை வந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "கனவில் கழுத்து நிற்காது, துவளும். பையனுக்குக் கழுத்து நின்றது. ஆனாலும் நல்ல யானை."

அப்போது அவர் கழுத்து துவண்டு தலை என் தோளில் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். ரெப்பைக்குள் கண் ஓடிக்கொண்டிருந்தது.

தாம்பரம் வந்தது. அருளப்பன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் மூவரிடமும் பீச் வரைக்கும் சீசன் டிக்கெட் இருந்தது. பல்லாவரத்துக்குள் என் தோள் மரத்துப்போயிற்று, நான் அசையவில்லை.